புது நம்பர்

தம்பி கம்பஸோ? போனைப் பிடிச்சிருக்கிற பிடியைப் பாத்துத்தான் கேட்டனான், குறை விளங்காதேங்கோ. வவுனியாவில ஏறினதில இருந்து பாத்துக்கொண்டு வாறன், நீங்கள் ஒருக்காலும் அதைப் பொக்கற்றுக்க வைக்கேல்லை. ஓமோ, ரெண்டாம் வருசமோ. நல்லது. கிளிநொச்சியோ வீடு? நான் மாங்குளத்தில இறங்கி ஒட்டுசுட்டான் பக்கம் போகோணும். என்ர மகளும் கம்பஸ்தான். கம்பஸ்தான் எண்டு சொல்லுறதோ, கம்பஸில இருந்தவள் எண்டு சொல்லுறதோ, அதுதான் இப்ப எனக்குத் தெரியேல்லை.

எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. ஏன் தம்பி நீங்களெல்லாம் இந்தப் போனை விடுறியள் இல்லை? பேசுறதுக்குக் கேக்கேல்லை. உண்மையா அறியத்தான் கேக்கிறன். கனபேரிட்டக் கேட்டுப்போட்டன். கடைக்காரச் சிவபாலன் சொன்னான், வேறென்ன, காதல்தான் எண்டு. எங்கட பள்ளிக்கூட அதிபர் சொன்னார், அது குடிப்பழக்கம் மாதிரியாம், ஒருக்கால் பிடிச்சா விடாதாம். இண்டைக்குக் காலமை மகளின்ர கம்பஸில ஒரு லெக்சரரைக் கண்டு கேட்டன். நல்ல மனுசன். கதிரை எடுத்துப் போட்டு இருத்தினவர். அவையள் அதைப்பற்றி ஆராய்ச்சியே செய்திருக்கினமாம். பிள்ளையளிட்டக் கேட்டுக் கேட்டு எழுதினதாம். தகவல் அறியிறதுக்கு, சிநேகிதரோட தொடர்பா இருக்கிறதுக்கு, பொழுதுபோக்குக்கு, இப்பிடி வரிசையாச் சொன்னார். எனக்கு அதில ஒண்டும் என்ர பிள்ளைக்குப் பொருந்தின மாதிரித் தெரியேல்லை. ஆனா படிச்ச மனுசன் சொல்லுது, நான் மேசன், என்னத்தைச் சொல்லுறது? தலையை ஆட்டிப்போட்டு இருந்தன்.

சாருஜா எண்டு பேர். ஒரே பிள்ளை. எங்கட ஒழுங்கையில இருந்து கம்பஸுக்குப் போன முதல் பிள்ளை அவள்தான். றிசல்ற் வந்த அண்டைக்கு நான் சுவரடியில நிண்டு சீமெந்து குழைச்சுக்கொண்டிருந்தனான். ஆரோ சைக்கிளில வந்து சொன்ன உடனே அப்பிடியே போட்டுட்டு வந்திட்டன், சீமெந்து இறுகிப்போச்சு. வீட்டுக்காரர் ஏசேல்லை. அவருக்கும் சந்தோசம்.

கம்பஸுக்கு எடுபட்ட கையோட போன் வேணும் எண்டவள். நோட்ஸ் எல்லாம் அதிலதான் வருமாம், லெக்சர் எந்த அறையில எண்டுறதும் அதிலதானாம். சரி எண்டு வாங்கிக் குடுத்தனான். நான்தான் வாங்கிக் குடுத்தனான், பாருங்கோ. அதைப் பிறகு ஒருத்தரும் நினைக்கிறேல்லை.

முதல் விடுமுறைக்கு வந்து நிண்டாள். பிள்ளை மெலிஞ்சு போச்சு. ஹொஸ்டல் சாப்பாடு எண்டு நினைச்சன். மனிசி மீனும் கணவாயுமாச் சமைச்சுப் போட்டா. ஆனா பிள்ளை கோப்பைக்குப் பக்கத்தில போனை வைச்சுக்கொண்டுதான் சாப்பிட்டது. கிணத்தடிக்குப் போனாலும் கல்லில போன். கோயிலுக்குப் போனாலும் கையில போன். அது ஒருக்கால் 'டிங்' எண்டா, வாயில வைச்ச சோத்தை விழுங்காமல் எடுத்துப் பாக்கும். பாத்த உடனே கதிரையால எழும்பி நிண்டிடும். எழும்பி நிண்டுதான் பதில் போடும். ஏன் பிள்ளை எழும்புறாய் எண்டு கேட்டன். ஒண்டுமில்லை அப்பா, பழகிப்போச்சு எண்டாள்.

சிலநேரம் அதுக்க கதைச்சு அனுப்பும். "ஓம் அக்கா. பிழைதான் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா." வீட்டில எனக்கு ஒருநாளும் இவ்வளவு பணிவாக் கதைச்சதில்லை. நான் மனிசிக்குச் சொன்னன், பாத்தியே புவனா, கம்பஸில நல்ல மரியாதை பழக்கியிருக்கினம் எண்டு. உண்மையா எனக்கு அது பெருமையாத்தான் இருந்தது. மனிசி அடுப்புக்க விறகைத் தள்ளினா. அவ எப்பவும் அப்பிடித்தான், நான் ஒண்டு சொன்னா அடுப்பைத்தான் பாப்பா.

கேக்கிறியளோ தம்பி? ஓம், நீங்கள் பாருங்கோ, ஏதோ வந்திருக்கு. பாத்திட்டுக் கேளுங்கோ. நான் எங்கயும் ஓடேல்லை.

பேந்துதான் அந்த வீடியோ வந்தது. சிவபாலன்ர கடைக்கு ஆணி வாங்கப் போனனான். நாலைஞ்சு பேர் நிண்டு போனைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கினம். என்னைக் கண்ட உடனே சிரிப்பு நிண்டுபோச்சு. சிவபாலன்தான், மேசன், நீங்களும் பாருங்கோவன் எண்டு நீட்டினான். எங்கட கிணத்தடி. நான் உடுக்கிற சாரம் கொடியில காயுது. சாருஜா தலையில வாளியைக் கவிட்டுக்கொண்டு, தாயின்ர சீலையைக் கோமாளி மாதிரிச் சுத்திக்கொண்டு ஆடுது. ஆட்டம் எண்டும் சொல்லேலாது. கையைக் காலை அடிக்குது. கீழ நூறு பேர் சிரிக்கிற படம் போட்டிருக்கினம். பிள்ளை முழுக்க நேர கமராவைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது. சிரிக்கேல்லை. ஆடுற ஆக்கள் சிரிப்பினமெல்லோ?

நான் அந்த ஊரில நாப்பது வீட்டுக்குச் சுவர் எழுப்பினவன். ஒரு வீட்டில நிண்டு தேத்தண்ணி குடிக்கேலுமோ இனி?

வீட்ட போனன். பிள்ளை மாமரத்துக்குக் கீழ நிண்டு போனில எழுதிக்கொண்டு நிண்டது. நான் அடிக்கேல்லை. அதை நீங்கள் நம்போணும். ஒரு நாளும் அடிச்சதில்லை. போனை மட்டும் பறிச்சன். பறிச்சு, உள்ளுக்க கொண்டுபோய் அலுமாரியில வைச்சுப் பூட்டினன். அவள் பின்னால வந்து என்ர கையைப் பிடிச்சாள். சொன்னவள், அக்காமார்தான் போடச் சொன்னவை, போடாட்டி எங்கட பட்ச் பிள்ளையள் முழுக்கத் தண்டனை வாங்கோணும் எண்டு. நான் கேட்டன், மாட்டன் எண்டு சொல்ல உனக்கு வாயில்லையோ? அப்ப அவள் சொன்ன ஒரு வசனம் இப்பவும் காதுக்க கிடக்கு.

"அப்பா, அதில நான் இல்லையெண்டா, அங்க நான் இல்லை."

எனக்கு விளங்கேல்லை. ஏதோ படத்து வசனம் எண்டு நினைச்சன். சீனியர்மார் செய்யிற பகிடிவதை எண்டு பேப்பரில போடுகினம்தான். ஆனா அது அடிக்கிறது, முழங்காலில விடுறது. இது வீட்டில தாயின்ர கையால சாப்பிட்டுக்கொண்டு இருக்கிற பிள்ளை. ஆர் வந்து வதைக்கிறது? பூட்டின கேற்றுக்குள்ள ஆர் வாறது?

ஒரு பட்டன் போன் வாங்கிக் குடுத்தன். கதைக்கலாம்தானே, அது காணும். லீவு முடிய அதோடதான் அனுப்பினனான். பஸ்ஸில ஏறேக்க யன்னலால ஒருக்கால் பாத்தது. கையாட்டேல்லை.

நான் செய்தது பிழையோ தம்பி? எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான். நீங்கள் திரும்பப் போனைப் பாக்கிறியள். சரி, சொல்லவேண்டாம்.

பிறகு அவள் போன் எடுக்கேக்க எல்லாம் நல்ல சுகம் எண்டுதான் சொன்னவள். என்ன சாப்பிட்டனி எண்டா சோறு எண்டுவாள். ஆரோட போறனி எண்டா லெக்சருக்கு நேரமாச்சு எண்டு வைச்சிடுவாள். எனக்கு நிம்மதி. பிள்ளை படிக்குது எண்டு நினைச்சன். சந்தியில ஆக்களுக்கும் சொன்னன், போனைப் பறிச்சுப் பாருங்கோ, பிள்ளையள் தானாப் படிக்கும் எண்டு. ரெண்டு தகப்பன்மார் என்ர சொல்லைக் கேட்டுப் பறிச்சவையும்.

மாரி தொடங்கின நேரம். சோதினைக்கு இன்னும் காலம் கிடக்கு. ஒரு மத்தியானம் ஒரு பையோட வந்து படலையில நிக்குது. ஏன் பிள்ளை, லீவோ? இல்லை. காய்ச்சலோ? இல்லை. உள்ளுக்க போய்ப் படுத்ததுதான். எழும்பிச் சாப்பிடும், குளிக்கும், தாய்க்கு வெங்காயம் உரிச்சுக் குடுக்கும். கதைக்காது. கம்பஸ் எண்ட சொல்லை எடுத்தா எழும்பிப் போயிடும்.

அவளோட அறையில இருந்த பிள்ளை ஒண்டு, மிதுலா எண்டு பேர், மனிசியின்ர போனுக்கு எடுத்து அழுததுக்குப் பிறகுதான் எங்களுக்குக் கொஞ்சம் தெரிஞ்சது. சீனியர் அக்காமார் ஒரு குறூப் வைச்சிருக்கினமாம். முதலாம் வருசப் பிள்ளையள் எல்லாம் அதில நிக்கோணுமாம். கூப்பிட்ட உடனே பதில் போடோணும். சொன்ன படத்தைப் போடோணும். அவையள் போடுற படத்துக்கு முதல் ஆளா இதயம் போடோணும். ஒருத்தி பதில் போடாட்டி மற்றவை எல்லாருக்கும் தண்டனை. என்ர பிள்ளை பட்டன் போனோட போய் நிண்டாள் எல்லோ? அவள்ற பங்கு முழுக்க மற்றப் பிள்ளையளின்ர தலையில விழுந்திருக்கு. கடைசியா ஒரு உத்தரவு வந்ததாம், சாருஜாவோட ஒருத்தரும் கதைக்கக் கூடாது எண்டு. ஒருத்தரும் கதைக்கேல்லை. மிதுலாவும் கதைக்கேல்லை. ஒரே அறைக்க, பக்கத்துக் கட்டிலில படுத்துக்கொண்டு கதைக்கேல்லை. அதைச் சொல்லித்தான் அந்தப் பிள்ளை அழுதது.

லெக்சர் மாறினது அவளுக்குத் தெரியாது. வகுப்பில ஒரு சின்னச் சோதினை வைச்சது தெரியாது. போய்க் கேட்டா, குறூப்பில போட்டதெல்லோ எண்டிருக்கினம்.

நான் மனிசிக்கு என்ன சொன்னனான் தெரியுமோ? கதைக்காட்டி என்ன, படிக்கத்தானே போனவள், கதைக்கப் போனவளோ எண்டு. மனிசி அப்பதான் முதல் முறையா என்னை நேர பாத்துச் சொன்னவ: "உங்களோட ரெண்டு நாள் ஒருத்தரும் கதைக்காட்டித் தெரியும்."

அவ சொன்னது எனக்குக் கோவந்தான். ஆனா பிறகு வேலைக்குப் போய் நிக்கேக்க அதுதான் ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

அதுக்குப் பிறகுதான் நானே இதில இறங்கினன் தம்பி. நல்ல போன் ஒண்டு, முந்தினதிலும் பாக்க நல்லது, புதுச் சிம்மோட வாங்கினன். பழைய நம்பர் எண்டா பழைய ஆக்கள் வருவினம், புது நம்பர் எண்டா பிள்ளை புதுசாத் தொடங்கலாம் எண்டு எனக்கு ஒரு எண்ணம். அந்த நம்பர் எனக்கும் தாய்க்கும் மட்டுந்தான் தெரியும். அவள் பெட்டியைத் திறக்கேல்லை. மேசையில அப்பிடியே கிடந்தது. மனிசி ஒவ்வொரு நாளும் தூசி தட்டுவா. நேற்றுப் பின்னேரம் நான் சொன்னன், பிள்ளை, நாளைக்கு நான் கம்பஸுக்குப் போறன், பெரிய ஆக்களைக் கண்டு கதைக்கிறன், நீ திரும்பப் போகலாம் எண்டு. அவள் வெங்காயத்தை உரிச்சுக்கொண்டிருந்தாள். ஆனா இண்டைக்கு விடிய நான் வெளிக்கிடேக்க பாத்தன், பெட்டி திறந்து கிடக்கு, போன் சாஜில போட்டிருக்கு. அதைப் பாத்திட்டுத்தான் பஸ் ஏறினனான். வழி முழுக்க அந்தச் சாஜ் லைற்றைத்தான் நினைச்சுக்கொண்டு போனனான்.

அந்த லெக்சரர் வடிவாக் கேட்டார். பிறகு சொன்னார், ஐயா, பேர் சொல்லி எழுதித் தந்தா நாங்கள் விசாரிப்பம், பேர் இல்லாமல் ஒண்டும் செய்யேலாது எண்டு. நான் சொன்னன், பிள்ளை பேர் சொல்லமாட்டாளாம் சேர். அவர் கையை விரிச்சார். அவரைக் குறை சொல்லேலாது. அவருக்கும் ஒரு சட்டம் இருக்குத்தானே. அதுக்குப் பிறகுதான் நான் போனைப்பற்றிக் கேக்க, அவர் அந்த ஆராய்ச்சியைச் சொன்னது. என்னைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் சொன்னவர் எண்டு நினைக்கிறன்.

வெளியால வந்து ஆரைப் பாக்கிறது, எங்க போறது எண்டு தெரியாமல் கன்ரீனுக்குப் பக்கத்தில வெய்யிலுக்க நிண்டன். அப்பதான் தம்பி ஒரு பிள்ளை வந்தது. தங்கமான பிள்ளை. "அப்பா, ஏன் வெய்யிலுக்க நிக்கிறியள்? இங்கால வாங்கோ" எண்டு என்ர பையையும் வாங்கிக்கொண்டு நிழலில இருத்தி, ஓடிப்போய்ச் சோடா ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து தந்தது. நான் காசை நீட்ட, பிள்ளையளிட்டக் காசோ அப்பா எண்டு சிரிச்சுது. ஆரின்ர அப்பா எண்டு கேட்டது. சாருஜாவின்ர எண்டன். உடனே முகம் வாடிப்போச்சு. எங்களுக்கெல்லாம் பெரிய கவலை அப்பா, சொல்லாமல் கொள்ளாமல் போயிட்டா, நாங்கள் எவ்வளவு எடுத்துப் பாத்தம், நம்பர் வேலை செய்யேல்லை எண்டு சொல்லிச்சுது. நீங்களும் முதலாம் வருசமோ பிள்ளை எண்டு கேட்டன். இல்லையாம், மூண்டாம் வருசமாம்.

அந்தப் பெரிய இடத்தில என்ர பிள்ளையைத் தேடின ஒரு ஆள். நான் நம்பரைச் சொன்னன். அது போனில அடிச்சு, திருப்பி எனக்கு வாசிச்சும் காட்டினது, பிழை வரக்கூடாது எண்டு.

உங்கட பேர் என்ன பிள்ளை, வீட்ட சொல்லோணும் எண்டன்.

"அக்கா கேட்டவ எண்டு சொல்லுங்கோ அப்பா. அவவுக்கு விளங்கும்."

பாருங்கோ, அவ்வளவு அந்நியோன்னியம். பஸ் வரைக்கும் வந்து ஏத்திவிட்டது. கவலைப்படாதேங்கோ, நாங்கள் பாத்துக்கொள்ளுறம் எண்டு சொல்லிச்சுது.

ஏன் தம்பி அப்பிடிப் பாக்கிறியள்?

இல்லை, சொல்லுங்கோ. என்ன? ஆர்? மூண்டாம் வருசம் எண்டா என்ன? சீனியர் எண்டா எல்லாரும் ஒரே மாதிரியோ? அந்தப் பிள்ளை எனக்குச் சோடா வாங்கித் தந்தது தம்பி. பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. அப்பிடிப்பட்ட பிள்ளை… சும்மா இருங்கோ. நீங்கள் அந்தப் பிள்ளையைக் காணேல்லை. கண்டா இப்பிடிச் சொல்லமாட்டியள்.

பொறுங்கோ, என்ர போன் அடிக்குது. மனிசி.

ஓம் புவனா. ஓம், ஓமந்தை தாண்டியிட்டன். ஆ? எப்ப? … சாப்பிட்டவளோ? … என்ன வந்ததாம்? … சரி, நீ பக்கத்தில இரு. நீ அங்கால போகாதை. … இல்லை. இல்லை எண்டுறன். நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. … எனக்கென்ன தெரியும்? கொம்பனிக்காரர் அனுப்பியிருப்பினம். … சரி. வாறன். வாறன் எண்டுறன், வை.

காலமை பிள்ளை தலை இழுத்துப் பின்னினதாம் தம்பி. மிதுலாவுக்குத் தானா எடுத்துக் கதைச்சதாம். மத்தியானம் ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாம். இப்ப கொஞ்சம் முன்னம் ஏதோ மெசேச் வந்ததாம். பாத்ததாம். பாத்திட்டுப் போனை நிப்பாட்டி, பெட்டிக்க வைச்சு மூடி, தாயின்ர மடியில கொண்டுவந்து வைச்சதாம். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததுதானாம். தாய் கூப்பிட்டதுக்குத் திரும்பேல்லையாம். இந்த நம்பர் அவையளுக்கு எப்பிடிப் போனது எண்டு மட்டும் ஒருக்கால் கேட்டதாம்.

நான் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை எண்டு. அப்பிடித்தான் வாயில வந்தது. இருபத்திரண்டு வருசம் அவவோட இருக்கிறன், ஒரு பொய் சொன்னதில்லை. இப்ப வந்திட்டுது.

அந்தப் பிள்ளைக்கு எடுத்து, வேண்டாம் பிள்ளை, அவளை விடுங்கோ எண்டு கெஞ்சுவம் எண்டா, நம்பர் என்னட்ட இல்லை. கேக்கத் தோணேல்லை. பேரும் தெரியாது. லெக்சரர் பேர் கேட்டவர் எல்லோ, அந்தப் பேர் என்ர முன்னால நிண்டு சிரிச்சது, நான் சோடாவைக் குடிச்சுக்கொண்டு இருந்தனான். சிம்மை மாத்தலாம் எண்டு சொல்லுறியள். மாத்தலாம். மாத்திப்போட்டுப் பிள்ளைக்கு என்னெண்டு நீட்டுறது? இந்த முறை அவள் அதை ஆரிட்ட இருந்து வாங்குவாள்?

நீங்கள் முதலாம் வருசத்தில என்ன செய்தனீங்கள் தம்பி? அப்பிடி ஒரு குறூப்பில நீங்களும் நிண்டனீங்களோ? … இப்பவும் நிக்கிறியளோ? … உங்களுக்குக் கீழ வந்த பிள்ளையளுக்கு நீங்கள்… சரி. விடுங்கோ. நான் கேக்கேல்லை. கீழ பாக்காதேங்கோ, நான் கேக்கேல்லை.

கொண்டக்டர் மாங்குளம் எண்டு கூப்பிடுறார். ஓம், என்ர இடம்தான். இல்லை, நீங்கள் எழும்பி வழி விடத் தேவையில்லை, இருங்கோ.

வீட்ட போனா புவனா திரும்பக் கேப்பா. நான் கிளிநொச்சி வரைக்கும் வாறன். மிச்சக் காசைக் குடுத்து ரிக்கற் எடுக்கலாம்.